காலி வீட்டில் ஒருவர்

மாமாவை இந்த முறை அடித்துக் கொன்றிருந்தார்கள்.

போன பருவத்தில் விஷம் வைத்தார்கள். அதற்கு முந்தைய பருவத்தில், மாடியே இல்லாத வீட்டின் மாடியிலிருந்து தள்ளிவிட்டார்கள். எதற்கும் மாமா முகம் கோணியதில்லை. ரப்பர் முகம், உள்ளே பஞ்சு, மேலே யாரோ ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது விட்டுச்சென்ற கோடுபோட்ட சட்டை. தடய அறிவியல் கல்லூரியின் பின்பக்கம் பயிற்சி வீடு என்று ஒன்று உண்டு. அதன் கூடத்தில் நட்டநடுவே குப்புறக் கிடப்பது மாமாவின் வேலை. மாணவர்கள் வந்து, சுற்றி நின்று, அவர் எப்படிச் செத்தார் என்று எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிப் போவார்கள்.

"நிரந்தர வேலை. நாமதான் அண்ணி தப்பான தொழிலுக்கு வந்துட்டோம்" என்றான் கொழுந்தன்.

அண்ணி குனிந்து மாமாவைச் சுற்றி வரையப்பட்டிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள் அண்ணி. உதவியாளன் அவளுடைய கணவனின் தம்பி. வீட்டிலும் அண்ணி, அலுவலகத்திலும் அண்ணி என்பதால் அவனுக்கு வேலை நேரம் எப்போது முடிகிறது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. இதே கல்லூரியில் சேர அவனும் ஒரு காலத்தில் நேர்காணலுக்கு வந்தவன்தான். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டதற்கு, கேண்டீன் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று உண்மையைச் சொன்னான். உண்மையைத் தேடும் கல்லூரி அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அவர்களை இங்கே வரவழைத்தவள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. முந்தின நாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். அவள் பேசிய சத்தத்தில் பாதி தையல் மிஷினுக்கே போய்விட்டதால், ரவிக்கை தைக்க வந்தவள் என்று நினைத்துக் கொழுந்தன் கீழே கைகாட்டினான். அவள் கீழே போகவில்லை. தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன்னை எல்லாரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

விஷயம் இதுதான். செய்முறைத் தேர்வுக்கு மாமாவின் கொலை. கதைப்படி மாமா ஒரு திருடன். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் கூட்டாளியோடு நுழைந்தான், பங்குச் சண்டையில் கூட்டாளி அடித்துக் கொன்றான். சோடாபுட்டி இதையெல்லாம் சரியாகவே எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் முதல் மாணவியாகத் தேறியிருப்பாள். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள். இந்த வீடு பூட்டிக் கிடந்த வீடு அல்ல, இங்கே ஒருவர் தினமும் வந்து படுத்துத் தூங்குகிறார் என்று எழுதினாள்.

தேர்வை அமைத்தவர் துறைத் தலைவர். அவருக்கு ரத்தம் தலைக்கேறியது, விடைத்தாளை அன்றே கல்லூரி முதல்வரிடம் கொண்டுபோய் வைத்தார். கொலை நடந்த வீடு காலி வீடு, விடைக்குறிப்பிலும் காலி வீடு. அப்படியிருக்க இவள் ஆளைக் குடியேற்றினால்? இந்தக் கல்லூரியில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால் ஒரு வருடம் போகும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் கல்லூரியே போகும். சாட்சியத்தை இட்டுக்கட்டியவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், பிறகு எந்த ஆய்வகமும் அவளை வாசற்படி ஏற விடாது. இன்று மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை.

விசாரணை நடத்துபவர் முதல்வர். அவர் நல்லவர் என்றாள் சோடாபுட்டி. தனியே கூப்பிட்டு, ஏதோ கற்பனையில் எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், மறுதேர்வு வைக்கிறேன், இதை இதோடு மூடிவிடலாம் என்றாராம்.

"சொல்லிட வேண்டியதுதானே" என்று கேட்டிருந்தான் கொழுந்தன்.

"நான் பார்த்தேனே" என்றாள் அவள். தையல் மிஷின் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அதனால் அது தெளிவாகக் கேட்டது.

இப்போது அவர்கள் பயிற்சி வீட்டில் நின்றார்கள். துறைத் தலைவர் கூடவே வந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் மேல் பட்டன் வெள்ளை நூலிலும், அதற்கடுத்தது கறுப்பு நூலிலும் தைக்கப்பட்டிருந்தது. கொழுந்தன் அதை உடனே மனத்தில் குறித்துக்கொண்டான். வரும் வழியில் கேண்டீனில் எட்டிப் பார்த்ததில் ஒரு தகவல் கிடைத்திருந்தது. துறைத் தலைவரின் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்ப் பல நாளாகிறதாம்.

துறைத் தலைவர் தன் பக்க நியாயத்தைச் சொன்னார். பருவம் தொடங்கியதுமே அவர் இந்த வீட்டை அமைத்து, மாமாவைப் படுக்கவைத்து, கோடு போட்டு, பூட்டிவிட்டார். தேர்வு நாள் வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. ஏன் என்றால் தூசி. மற்ற கல்லூரிகளில் தேர்வன்று காலையில் மாவைத் தூவி ஏமாற்றுவார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"இது நிஜத் தூசி. தானா படிஞ்சது. ஒரு பருவம் பூரா வளர்த்தேன்" என்றார். பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல்.

"சாவி?" என்றாள் அண்ணி.

இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்று முதல்வர் அலுவலகச் சுவரில், மற்ற எல்லாச் சாவிகளோடும் தொங்குகிறது. ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் போகிற போக்கில் எடுக்கலாம். ஆனால் எதற்கு எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அவருக்கு வகுப்பு இருந்ததால் போய்விட்டார். தேர்வு முடிந்துவிட்டது, இனி வீட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், தூசியை மட்டும் பார்த்து என்று வாசலில் நின்று ஒருமுறை திரும்பிச் சொன்னார்.

சோடாபுட்டி தேர்வன்று எடுத்த படங்களை அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படங்களில் மாமாவே அதிகம் இல்லை. குளியலறை சோப்பு இருந்தது. பக்கத்தில் ஒழுங்காக ஒரு ஸ்கேல்.

"சோப்பு எவ்வளவு உயரம்னு கேஸ்ல கேப்பாங்களா?" என்றான் கொழுந்தன்.

"ஸ்கேல் இல்லாம படம் எடுத்தா மார்க் கிடையாது" என்றாள் அவள். பிறகு, மெதுவாக விளக்கினாள். புழங்காத சோப்பு காய்ந்து வெடித்துப்போகும். இதன் அடிப்பக்கம் கொழகொழவென்று இருந்தது. வெகுநாள் பூட்டிய வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் இருமிவிட்டுப் பழுப்புத் தண்ணீர் வரும். இது திறந்ததும் தெளிவாக வந்தது. சோபாவில் ஒரு முனை மட்டும் அமுங்கி இருந்தது. பக்கத்துச் சின்ன மேஜையில் தூசி இல்லை, ஒரு டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. ஜன்னலில் ஒரு பாட்டிலில் செடி, புதுத் தளிர் விட்டிருந்தது.

மற்ற எல்லாரும் மாமாவைப் பார்த்திருக்கிறார்கள். இவள் வீட்டைப் பார்த்திருக்கிறாள்.

சங்கடம் என்னவென்றால், தேர்வுக்கு மறுநாள் துறைத் தலைவர் சரிபார்க்க வந்தபோது அவள் சொன்ன எதுவுமே அங்கே இல்லை. இப்போதும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீரே வரவில்லை, வெளியே வால்வை யாரோ அடைத்திருந்தார்கள். சோப்புப் பெட்டி காலி. செடியைக் காணோம். சோபா மெத்தை தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. சின்ன மேஜையில் வளமாகத் தூசி. ஆகவே அந்தப் படங்களையும் அவளே ஜோடித்து எடுத்திருக்கிறாள் என்று குற்றத்தோடு குற்றமாக அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"எனக்கே நம்பிக்கை போகுது" என்றான் கொழுந்தன், அவள் காதில் விழாத தூரத்தில்.

அண்ணி சின்ன மேஜைமேல் இருந்த விளக்கைத் தூக்கினாள். அடியைப் பார்த்தாள். அவனையும் பார்க்கச் சொன்னாள்.

விளக்கு இருந்த இடத்திலும் தூசி.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு புத்தக அலமாரிக்குப் போய் ஒரு பொம்மையைத் தூக்கினான். அடியில் சுத்தம், பொம்மையின் பாத அளவுக்குப் பளிச்சென்று ஒரு வட்டம். அது துறைத் தலைவர் வளர்த்த தூசி. பொம்மை அடியில் அது போக வழியில்லை. மேஜைத் தூசி மட்டும் விளக்குக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது.

"விளக்கை எடுத்து வெச்சுட்டு, மேஜை முழுக்கத் தூசியைப் போட்டுட்டு, மறுபடி விளக்கை வெச்சிருக்காங்க" என்றான்.

"கைரேகை எடுக்கப் பவுடர் போடும்போது அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாங்க" என்றாள் சோடாபுட்டி. "மேல இருக்கிறதை எல்லாம் எடுத்துடணும். ஒரு மூலைகூட விடக்கூடாது. பிரஷ் ஒரே பக்கமா போகணும்." அவள் கண்ணாடியை மேஜையோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். "ஒரே பக்கமாத்தான் போயிருக்கு."

"சுத்தம் பண்ணி மாட்டினவங்களைப் பார்த்திருக்கேன்" என்றான் கொழுந்தன். "அழுக்குப் பண்ணி மாட்டினவங்களை இப்பதான் பார்க்கிறேன்."

ஆக, ஆள் இருந்தது உண்மை. வழிப்போக்கனும் இல்லை, சுவரேறிக் குதித்த காதல் ஜோடியும் இல்லை. முறையாகப் பவுடர் போடத் தெரிந்த ஆள். கொழுந்தனுக்கு அது போதும். மனைவி ஊரில் இல்லை, பட்டனைத் தானே தைக்கிறார், சாவி கையில் இருக்கிறது, தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதானே பெண்ணைத் துரத்தப் பார்க்கிறார்? துறைத் தலைவர்தான், பந்தயம் கட்டுகிறேன், தோற்றால் ஒரு வாரம் வீட்டில் பாத்திரம் கழுவுகிறேன் என்றான்.

"சரி" என்றாள் அண்ணி.

மறுபடியும் மாமாவிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

அவன் போய்ப் பக்கத்தில் நின்றான். பார்க்க எதுவும் இல்லை. மாமா குப்புறக் கிடந்தார். அவரைச் சுற்றி சாக்பீஸ் கோடு, நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று.

"அதான்" என்றாள் அண்ணி. "நேத்துப் போட்டது இல்லையே."

சோபாவைக் காட்டினாள். அது வாசல் பக்கம். குளியலறை எதிர்ப்பக்கம். நடுவில் மாமா. சோபாவில் படுத்தவர் பாதித் தூக்கத்தில் எழுந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் நேர்வழி மாமாவின் மேல்தான். நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

கொழுந்தன் யோசித்தான். முதல் நாளே மாமாவைக் காலைப் பிடித்து இழுத்து மூலையில் சாத்தியிருப்பான். சோம்பலாக இருந்தால் தாண்டிப் போயிருப்பான். தாண்டும்போது கோட்டை மிதித்திருப்பான். இரண்டே நாளில் கோடு கோடாக இருந்திருக்காது.

"இவர் மிதிக்கல. ஒரு தடவைகூட" என்றாள் அண்ணி. "தூக்கக் கலக்கத்துலயும் சுவர் ஓரமா சுத்திப் போயிருக்காங்க."

முதல் வகுப்பில் முதல் பாடமே அதுதான் என்றாள் சோடாபுட்டி. சடலத்தின் குறுக்கே போகக்கூடாது. சுவரை ஒட்டி ஒரு வழி, எல்லாரும் அதே வழி. அதை மறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அண்ணி எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். முதல்வர் அலுவலகத்துக்குப் போய், விசாரணையைப் பயிற்சி வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவரச் சொல்லிக் கொழுந்தனை அனுப்பினாள். முதல்வர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், எதற்கு என்று கேட்டார். மாணவி இடத்தைக் காட்டிச் சொல்ல விரும்புகிறாள் என்றான். முதல்வர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு சம்மதித்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, கறாரான அம்மாள். அவர் மேஜை மேல் எல்லாமே நேர்கோட்டில் இருந்தன. இவரிடம் படித்திருந்தால் நான் உருப்பட்டிருப்பேன் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

திரும்பி வந்தபோது அண்ணி கையில், வெளிக்குழாயில் நனைத்துவந்த ஈரத்துணி இருந்தது. மாமாவின் தோளை நீ பிடி என்றாள்.

மாமா பார்ப்பதற்குத்தான் பஞ்சு. தூக்கினால் கனத்தார். அவரைக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அண்ணி கோட்டை அழித்தாள். ஈரம் காயும்வரை சோடாபுட்டி ஒரு அட்டையால் விசிறினாள். கடைசியில் கூடத்தின் நடுவே ஒன்றுமில்லை. வெறும் தரை. நடக்கச் சொல்லிக் கூப்பிடுகிற தரை.

மூன்று மணிக்குத் துறைத் தலைவரும் முதல்வரும் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு என்பதைவிட, துறைத் தலைவர் பேசினார், முதல்வர் கேட்டார். வாசலில் நின்றதும் துறைத் தலைவர் மாமா எங்கே என்றார். ஓய்வெடுக்கிறார் என்றான் கொழுந்தன்.

அண்ணி குளியலறை வாசலில், கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தாள்.

"இப்படி வாங்களேன். சோப்பு வெச்சிருந்த இடத்தை முதல்ல பார்த்துடலாம்" என்றாள்.

துறைத் தலைவர் காலி சோப்புப் பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமா பார்த்துவிட்டுப் படிக்க வருகிறார்கள் என்றார். சொல்லிக்கொண்டே நடந்தார்.

கொழுந்தன் அவருடைய காலையே பார்த்தான். வலது கால், இடது கால், மறுபடி வலது கால். நேராக, கூடத்தின் நடுவே, மாமாவின் இடுப்பு இருந்த இடம், தோள் இருந்த இடம். மாமாவின் தலை இருந்த இடத்தில் ஒரு கணம் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு வாரம். காலை, மாலை. கொழுந்தனின் கண்முன்னே அடிபிடித்த பாத்திரங்கள் வரிசையாக வந்து போயின. அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்த பக்கம் அவனும் திரும்பினான்.

முதல்வர் வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தார். வேறு யாரும் கழற்றவில்லை. கையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் வலப்பக்கம் திரும்பினார். புத்தக அலமாரியை ஒட்டிப் போனார். ஜன்னலருகே, நாற்காலி ஏதும் இல்லாத இடத்தில், நாற்காலியில் இடித்துக்கொள்ளாமலிருக்கப் பார்ப்பவர்போல இடுப்பை லேசாக ஒதுக்கினார். சுவரோரமாகவே வந்து, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே குளியலறை வாசலை அடைந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. வீட்டில் நடப்பதுபோல் நடந்தார்.

ஜன்னலருகே இருந்த நாற்காலியில்தான் மாமா இப்போது சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

சோடாபுட்டியும் பார்த்துவிட்டாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. விசாரணைக்கு வந்தவள் அவள். ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் பிழைத்துவிடலாம். அவள் அதைச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்" என்றாள் அண்ணி. குரலில் மரியாதை குறையவில்லை. "மாமா அங்க இல்ல. எடுத்துட்டோம்."

முதல்வர் நிமிர்ந்தார். வெறும் தரையைப் பார்த்தார். தான் வந்த வழியைச் சுவரோரமாகவே கண்ணால் திரும்பிப் போய், வாசலில் கிடந்த செருப்பில் நிறுத்தினார். முதல் வகுப்பின் முதல் பாடத்தை இந்தக் கல்லூரியில் வெகுகாலமாக நடத்துபவர் அவர்தான். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கோப்பை மூடினார்.

துறைத் தலைவருக்குத்தான் தேவைப்பட்டது. என்ன, யார், எதற்கு என்று மூன்று முறை கேட்டார். முதல்வர் போய் சோபாவில் உட்கார்ந்தார். அமுங்கியிருந்ததாகச் சோடாபுட்டி சொன்ன அதே முனையில்.

வளாகத்துக்குள் அவருக்குக் குடியிருப்பு உண்டு. மகன் புது வீடு கட்டுகிறான், அது முடியும்வரை அம்மாவோடு இருக்கலாம் என்று குடும்பத்தோடு வந்தான். பிள்ளைகள் வந்தார்கள். பிறகு சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். அவர்களுக்குத் தன் அறையைக் கொடுத்தார். கூடத்தில் படுத்தார். கூடத்தில் டிவி. ஒருநாள், ராத்திரி ஆபீஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து படுத்தார். நல்ல தூக்கம். மறுநாளும் வந்தார். காலையில் போய் எல்லாருக்கும் டீ போட்டுவிடுவார்.

"ஒருநாள் பொய் சொன்னேன்" என்றார். "மறுநாள் சொல்லத் தேவைப்படல. யாரும் கேக்கல."

கொழுந்தனிடம் எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் தயாராக இருக்கும். தேடிப் பார்த்தான். இல்லை.

முதல்வர் சோடாபுட்டியைப் பார்த்தார்.

"என் வீட்டுல ஆறு பேர் இருக்காங்க. நான் அங்க இல்லங்கிறதை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கண்டுபிடிக்கல. நீ ஒரு பரீட்சை நேரத்துல நான் இங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சே. உன் விடைத்தாளைப் படிச்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் பயம் வந்துச்சு." நிறுத்தினார். "பயத்துல உன்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தேன். அது தப்பு. பெரிய தப்பு."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"மேடம், அந்தச் செடியை என்ன பண்ணீங்க?"

"என் ரூம்ல இருக்கு. பீரோவுக்குப் பின்னால. வெளிச்சம் இல்லாம வாடுது."

"ஜன்னல்ல வெச்சிடுங்க" என்றாள் சோடாபுட்டி.

இந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவருக்குச் சங்கதி முழுதாக விளங்கியது. அவர் முகத்தில் ஒரு பெரிய வேதனை பரவியது. சின்ன மேஜையருகே போய் நின்றார்.

"அப்போ என் தூசி?" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் முதல்வர். வேறு வழி தெரியவில்லை, பரணிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன் என்றார்.

துறைத் தலைவர் தலையை அசைத்தார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவரால் முடியவில்லை. கொஞ்சம் தேறியதும், இன்னொரு சிக்கல் இருப்பதைச் சொன்னார். மாணவி எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் விடைக்குறிப்பில் அப்படி ஒரு விடை இல்லை. இல்லாத விடைக்கு மதிப்பெண் போட விதியில் இடமில்லை.

"விடைக்குறிப்பைத் திருத்துங்க" என்றார் முதல்வர்.

"எப்படித் திருத்த? 'வீட்டில் ஒருவர் வசித்தார்'னு போட்டா, நாளைக்கு வகுப்புல எல்லாரும் கேப்பாங்களே, யார் அந்த ஒருவர்னு."

முதல்வர் எழுந்தார். மெத்தையைத் தட்டி நிமிர்த்தப்போனவர், கையை அப்படியே எடுத்துக்கொண்டார். அமுங்கிய பள்ளம் அமுங்கியபடியே இருந்தது.

"நான்தான்னு சொல்லுங்க. வேணாம், நானே வந்து சொல்றேன். இவளுக்கு முழு மார்க் போடுங்க."

வாசலுக்குப் போகும்போது அவர் நேராக, நட்டநடுவே நடந்து போனார். ஒரு அடி வைப்பதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசித்ததுபோல் இருந்தது.

*

திரும்பும் வழியில் கொழுந்தன் ஸ்கூட்டரை ஓட்ட, அண்ணி பின்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் அவன் தலையைத் திருப்பினான்.

"துறைத் தலைவர் பொண்டாட்டி எங்கதான் போனாங்களாம்?"

தங்கைக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றாள் அண்ணி. அவரிடமே கேட்டாளாம்.

"முதல்வர்தான்னு உங்களுக்கு எப்போ தெரியும்? விளக்கைத் தூக்கினப்பவா?"

"தெரியாது."

"கோட்டைப் பார்த்தப்போ?"

"அப்பவும் தெரியாது. நானும் துறைத் தலைவர்தான்னு நினைச்சேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொழுந்தன் வண்டியை நகர்த்தவில்லை.

"அப்போ பந்தயத்துல நீங்களும் தோத்துட்டீங்க."

"நீ வாய்விட்டுச் சொன்னே" என்றாள் அண்ணி. "நான் சொல்லல. வண்டியை எடு."

வீட்டை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கமாக அண்ணி கதவைத் திறந்ததும் சாவியை மேஜையில் போடுவாள், அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்கும். இன்று சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை ஓசையில்லாமல் கழற்றிவிட்டு, கூடத்தின் வாசலிலேயே நின்றாள். கொழுந்தன் அவளுக்குப் பின்னால் நின்றான். உள்ளே போகச் சொல்லலாமா என்று நினைத்தான்.

அண்ணன் முதுகைக் காட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம் புரண்டது.

"டீ ஆறிப்போச்சு" என்றான் அண்ணன், திரும்பாமலே. "சூடு பண்ணட்டுமா? ஏன் அங்கேயே நிக்கிறே?"

அண்ணியின் தோள் கொஞ்சம் இறங்கியது. சாவியை மேஜையில் போட்டாள்.

கொழுந்தன் யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போனான். தொட்டி நிறையப் பாத்திரம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோப்பை எடுத்தான். அடிப்பக்கம் கொழகொழவென்று இருந்தது.